வெர்னா இழுத்துப்போன கேரவன்

காரில் கோத்து இழுக்கிற கேரவன் வீட்டை வாங்க அடிலெய்டிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். டயர், தரைப்பலகை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தட்டிப் பார்த்து, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் தறுவாயில், வெர்னா ஹாக்கிங் மாவு படிந்த கையோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

"விக்கறதுக்கு இல்ல," என்றார்.

நான் எதிர்வீட்டுக்காரன். பதினெட்டு வருஷமாகத் தென் ஆஸ்திரேலியாவில் மூன்டா என்கிற சின்ன ஊரில் அவர்களுக்கு எதிரே குடியிருக்கிறேன். அன்று என் காருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நிமிர்ந்து பார்த்தேன். வெர்னா குரல் தெருவுக்குக் கேட்பது அபூர்வம்.

"என்ன பேசறே? இந்த மனுஷன் ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்காரு," என்றார் அவர் கணவர் கெல்வின், எங்களுக்கெல்லாம் கெல்.

"டீ போட்டுத் தர்றேன், குடிச்சிட்டுப் போகட்டும். வண்டி போகாது."

"யாரு இழுப்பா இதை? எனக்குத்தான் லைசென்ஸ் இல்லைன்னு ஆயிப்போச்சே."

"நான் இழுப்பேன்."

கெல் சிரித்துவிட்டார். "நீயா? நீ கேட் தூணை இடிச்சவ!"

"கல்யாணமான வருஷம் இடிச்சேன். தூணு கூட மன்னிச்சிருக்கும்."

வந்தவர் டீ குடித்துவிட்டு, பழக்கேக் ஒரு துண்டும் தின்றுவிட்டு, வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

கெல் நாற்பத்தொரு வருஷம் தானிய லாரி ஓட்டியவர். வயலிலிருந்து வாலரூ துறைமுகத்துக்குக் கோதுமையும் பார்லியும் ஏற்றிப்போவார். ஓய்வுபெற்றதும் ஊர் ஊராகப் போகலாம் என்று கேரவனை வாங்கி நிறுத்தினார். ஏழு மாதத்தில் கண் கெட்டது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற நோய். நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு முகம் இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். ஓரங்களில் மட்டும் பார்வை மிச்சம். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து, கராஜில் கருவிகளை வரிசை மாற்றி அடுக்குவதே அவர் வேலையாகிப் போனது.

வெர்னா வாலரூ ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, நடுவில் கடை. ஒரு சின்னக் கார். அதற்குமேல் அவர் எதையும் ஓட்டியதில்லை, ஓட்ட ஆசைப்பட்டதாகவும் யாரும் கேட்டதில்லை. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

மறுவாரம் ஊருக்கு வெளியே தானியக் கிடங்கின் மைதானத்தில் பயிற்சி தொடங்கியது. அறுவடை இல்லாத காலம், மைதானம் காலியாகக் கிடந்தது. காலி டீசல் பீப்பாய்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, கெல்லின் பெரிய காரில் கோத்த கேரவனை நடுவில் பின்பக்கமாக ஓட்டிக் கொண்டுவர வேண்டும். முன்னால் போவது யாருக்கும் வரும். பின்னால் போகும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கேரவன் வலப்பக்கம் போகும். முதல் நாள் மூன்று பீப்பாய் நசுங்கியது.

"வலது! வலதுன்னு சொல்றேன்ல! உன் வலது எது?"

"கத்தாதே. நீ கத்தினா என் கைக்குக் காது கேக்க மாட்டேங்குது."

"இப்ப இடிக்கப் போறே."

"உனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் தெரியலையே!"

சொன்ன மறுகணம் வெர்னாவுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கெல் நடந்தே வீட்டுக்கு வந்தார். நான்கு கிலோமீட்டர்.

அதற்குப் பிறகு வெர்னா அவரை அழைத்துப் போகவில்லை. தினமும் காலை ஆறரைக்குத் தனியாகப் போவார். என்ன செய்கிறார் என்று நான் கேட்டபோது, "கையை ஸ்டீயரிங்குக்கு அடியில வெச்சுக்கணும். கை எந்தப் பக்கம் போகுதோ கேரவன் வாலும் அந்தப் பக்கம் போகும். இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு நாப்பது வருஷமா வாய் வரலை பாரு," என்றார். இருபத்துமூன்று நாள் போனார். இருபத்துநான்காம் நாள் தெருமுனையிலிருந்து பின்பக்கமாகவே வந்து, தபால்பெட்டியைத் தொடாமல், கேரவனை வீட்டு முற்றத்தில் நேராக நிறுத்தினார். கெல் சன்னலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்சின் நின்றதும் வெளியே வந்து கேரவனின் இரு பக்கமும் கையால் தடவி, சுவருக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை முழம் போட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வருஷம் குவீன்ஸ்லாந்தில் பெய்த பெருமழை, வறண்ட ஆறுகள் வழியாக மாதக்கணக்கில் இறங்கி வந்து லேக் ஏர் உப்பு ஏரியை நிரப்பிக்கொண்டிருந்தது. நிரம்புவது எப்போதோ ஒரு முறை. கெல் சின்ன வயதிலிருந்து பார்க்க நினைத்த ஏரி அது. பார்வை இன்னும் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், எத்தனை நாளில் என்று சொல்லவில்லை. ஜூன் மாதம் இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினார்கள். அண்டை வீட்டார் எல்லோரும் வாசலில் நின்று கையசைத்தோம். வெர்னா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதல் நாளே சண்டை. போர்ட் அகஸ்டா போகிற நெடுஞ்சாலையில் மூன்று டிரெய்லர் கோத்த லாரி ஒன்று உரசுகிறாற்போல் தாண்டிப் போனது. கேரவன் ஒரு ஆட்டம் ஆடியது. கெல் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"ஓரமா போ. இல்ல, ரொம்ப ஓரம். வேகத்தைக் குறை. இப்பக் குறைக்காதே!"

வெர்னா அடுத்த ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திச் சாவியைக் கழற்றி அவர் மடியில் போட்டார்.

"இந்தா, நீயே ஓட்டு."

கெல் சாவியின் பற்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார். அன்று முழுக்க, ஹாக்கர் ஊர் வரைக்கும், ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தலைவிட அந்த மௌனம் மோசமாக இருந்ததாக வெர்னா பின்னால் என்னிடம் சொன்னார். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாத மாதிரி இருந்ததாம்.

மறுநாள் காலை டோஸ்ட் தின்றுகொண்டிருக்கும்போது வெர்னாதான் பேச்சை எடுத்தார்.

"கெல், ஒரு ஒப்பந்தம். கண்ணால பாக்கற சமாச்சாரம் என்னோடது. காதால கேக்கறது உன்னோடது. வண்டியில என்ன சத்தம் வந்தாலும் சொல்லு, நிறுத்தறேன். ஆனா வலது இடதுன்னு மட்டும் சொல்லாதே."

"சரி. ஆனா வெளியில என்ன இருக்குன்னு நீ சொல்லணும். நான் மூட்டை மாதிரி உக்காந்து வர முடியாது."

"சொல்றேன்."

வெர்னாவுக்கு வருணிக்க வராது. அன்று மலைத்தொடரை ஒட்டிப் போகும்போது கெல் கேட்டார்:

"என்ன தெரியுது?"

"மலை."

"எப்படி?"

"பெருசா."

"என்ன நிறம்?"

"மலை நிறம்."

"அடக் கடவுளே, ரேடியோவைப் போடு."

ஆனால் விடாமல் கேட்டார். லின்ட்ஹர்ஸ்ட் ஊரைத் தாண்டுவதற்குள் வெர்னா தேறிவிட்டார். "ஆஸ்பத்திரியில ஆட்டுக்கறிக் குழம்பு ஆறினா மேல ஒரு ஆடை கட்டுமே, அந்த நிறத்துல மண்ணு. அதுல அங்கங்க உப்பைத் தூவிவிட்ட மாதிரி புதர்," என்றார். கெல் தலையாட்டினார். அதுபோதும், அவருக்குத் தெரிந்துவிட்டது.

மரீ ஊரோடு தார் முடிகிறது. அவர்கள் போய்ச் சேர்ந்த அன்றே மழை பிடித்தது. மண்பாதை மூடப்பட்டது என்று சிவப்பு எழுத்தில் பலகை வைத்துவிட்டார்கள். மூடிய பாதையில் போனால் சக்கரம் புதைவது மட்டுமல்ல, அபராதமும் உண்டு. கேரவன் பூங்காவில் பதினோரு வண்டிகள் சேற்றில் வரிசைகட்டி நின்றன. பூங்காவை நடத்துகிற தெல்மா என்ற பெண்மணி வண்டி வண்டியாகப் போய், "ரெண்டு நாள். இல்லேன்னா ஆறு நாள். இல்லேன்னா எனக்கே தெரியாது," என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் நாளே எல்லோரும் முகம் சுளிக்கத் தொடங்கிவிட்டார்கள். ரொட்டி தீர்ந்தது. சரக்கு லாரியும் வர முடியாது. வெர்னா ஒரு வாளியை எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாகப் போனார். மாவு இருக்கிறவர்கள் மாவு, உருளைக்கிழங்கு இருக்கிறவர்கள் உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப், உறைந்த இறைச்சி. தெல்மாவின் அடுப்பை வாங்கி, மூன்டாவில் எல்லார் வீட்டிலும் செய்கிற பாஸ்ட்டியைச் செய்தார். இறைச்சியும் கிழங்கும் பொடியாக நறுக்கி மாவுக்குள் வைத்து, விளிம்பைக் கயிறு திரித்த மாதிரி மடித்துச் சுடுவது. நாற்பது பாஸ்ட்டி. ஆஸ்பத்திரியில் நூறு பேருக்குச் சமைத்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

தின்றபடி ஒருவர் கெல்லிடம், "நீங்கதான் இந்த வண்டியை இழுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

முன்பென்றால் கெல் ஏதாவது மழுப்பியிருப்பார். அன்று, "இல்ல, டிரைவர் அவதான். நான் சத்தம் கேக்கறவன்," என்றார். கேட்டவர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். வெர்னா சிரிக்கவில்லை. தட்டுகளைக் கழுவிக்கொண்டே திரும்பிக் கெல்லை ஒரு பார்வை பார்த்தார்.

ஐந்தாம் நாள் பாதை திறந்தது. ஏரிக்கரைப் பக்கம் போகிற மண்சாலை காய்ந்து, அலை அலையாக வரிப்பள்ளம் விழுந்து கிடந்தது. அலமாரியில் இருந்த கோப்பைகள் எல்லாம் ஆடின. அறுபது கிலோமீட்டர் போயிருப்பார்கள். ஓர் ஓடையின் காய்ந்த படுகையில் மெதுவாக இறங்கும்போது கெல் சன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"நிறுத்து."

"ஒண்ணும் இல்லையே. மீட்டர் ஊசியெல்லாம் சரியா இருக்கு."

"வெர்னா, நிறுத்துன்னேன்."

நிறுத்தினார். கெல் இறங்கி கேரவனைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய், ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இடப்பக்கப் பின்சக்கரத்தில் வைத்த கையைச் சட்டென்று எடுத்தார்.

"பேரிங் போகப்போகுது. இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தா சக்கரம் தனியா, நாம தனியா."

போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் சிவப்புத் தரை. வெர்னா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். கெல்லுக்குப் பதற்றம் இல்லை. கராஜில் மாதக்கணக்கில் வரிசை மாற்றி அடுக்கிய கருவிப்பெட்டி பின்னால் இருந்தது. அதில் இரண்டு ஜோடி பேரிங்கும் ஒரு டப்பா கிரீஸும் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும்.

ஜாக்கி வைத்து ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, நடுமூடியை நெம்பி எடுத்தார்கள். கெல் மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். விரல்தான் கண்.

"நட்டைப் பூட்டியிருந்த ஸ்பிளிட் பின்னை உருவிட்டேன். கையை நீட்டு. தொலைச்சிராதே, அது ஒண்ணுதான் இருக்கு."

"பிடிச்சிருக்கேன்."

"இப்ப பேரிங்கைப் பாரு. என்ன நிறம்?"

வெர்னா தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நீலம். எண்ணெய் காஞ்ச வாணலி அடியில வருமே, அந்த நீலம். ஒரு உருளையில செதில் பேந்திருக்கு."

"அதுதான். உள்ளுக்குள்ள இருக்கற வளையத்துல கீறல் இருக்கா?"

"இருக்கு. நகத்துக்குத் தட்டுப்படுது."

"அப்ப அதையும் மாத்தணும். சுத்தியல் குடு, சின்னது."

புது வளையத்தைத் தட்டி இறக்கும்போது அது கோணலாகப் போகிறதா என்று வெர்னா பார்த்துச் சொன்னார். அடி விழுகிற சத்தம் மாறியதும் வளையம் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று கெல் சொன்னார். புது பேரிங்கில் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஏற்றும்போது, வெர்னாவின் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். "ரொட்டிமாவு பிசையற மாதிரிதான். மறுபக்கம் வழியா பிதுங்கி வர்ற வரைக்கும் அழுத்து."

அந்த நேரத்தில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் லெஸ்டர், அந்த மண்ணுக்கு உரிய அரபானா பழங்குடி மக்களில் ஒருவர். நிலப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர். இரண்டு பேரும் முழங்கை வரைக்கும் கிரீஸோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"உதவி வேணுமா?"

"முடிஞ்சிடுச்சு," என்றார் கெல். "நட்டை இறுக்கிட்டா போதும்."

லெஸ்டர் போகவில்லை. ஜீப் நிழலில் உட்கார்ந்து, அவர்கள் முடிக்கிற வரை காத்திருந்தார். சக்கரத்தை மாட்டியதும் தானே ஒரு முறை சுழற்றிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"நல்லா பண்ணியிருக்கீங்க. ஏரிக்குத்தானே? கரை வரைக்கும் போங்க, தண்ணிக்குள்ள இறங்காதீங்க. அது எங்க பெரியவங்க இடம்."

"பாக்கத்தான் வந்தோம்," என்றார் வெர்னா.

"பாக்கறதுக்குத் தடையில்ல. எங்க அத்தை எழுபது வருஷத்துல மூணு தடவைதான் இப்படித் தண்ணி பாத்திருக்காங்க. நீங்க நல்ல நேரத்துக்கு வந்திருக்கீங்க."

மாலை நான்கு மணிக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காற்று இல்லை. கேரவனை மேட்டில் விட்டுவிட்டு, வெர்னா கெல்லின் கையைப் பிடித்துக் கரை வரை அழைத்துப் போனார்.

கெல் ஏரியை நேராகப் பார்த்தார். சாம்பல் வட்டம். அவர் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் அழைத்துக்கொண்டு வந்தது தப்போ என்று வெர்னாவுக்குத் தோன்றியது. சொல்லத் தொடங்கினார். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, ரோஜா நிறமாக இருக்கிறது, தூரத்தில் கூழைக்கடாக்கள் வெள்ளை வெள்ளையாக மிதக்கின்றன என்று.

"இரு, இரு," என்றார் கெல்.

முகத்தை மெல்ல வலப்பக்கம் திருப்பினார், தரைப்பக்கம், ஏரி இடது ஓரக்கண்ணுக்கு வருகிற அளவுக்கு. அப்படியே அசையாமல் நின்றார்.

"தெரியுது. ஓரக்கண்ணுல மொத்தமும் தெரியுது. பறவை கூடத் தெரியுது. வெர்னா, அது நகருது!"

"ஏரியை விட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கறே. யாராவது பாத்தா நீ கோவிச்சுக்கிட்டேன்னு நினைப்பாங்க."

"உன்னையும் இப்ப அப்படித்தான் பாக்கறேன். வேற பக்கம் திரும்பினாத்தான் நீ தெரியறே."

"நாப்பத்தி நாலு வருஷமா அப்படித்தானே பாத்தே."

கெல் சிரித்த சிரிப்பில் கரையோரம் நின்ற பறவைகள் சில எழும்பிப் பறந்தன. பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவர் அழுது வெர்னா பார்த்தது அவர் அம்மா செத்தபோது ஒரு தடவை. இது இரண்டாவது. கேரவனிலிருந்து இரண்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, சூரியன் இறங்குகிற வரை உட்கார்ந்திருந்தார்கள். வெர்னா ஏரியைப் பார்த்தபடி. கெல் ஏரிக்குப் பக்கவாட்டில், வெர்னாவைப் பார்த்தபடி.

அங்கிருந்தே திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. மறுநாள் காலை வெர்னா வரைபடத்தை மேஜைமேல் விரித்துக்கொண்டு, "மேல போனா என்ன?" என்றார். போனார்கள். ஊட்னடட்டா, மார்லா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், அதற்கும் வடக்கே. மூன்று வாரப் பயணம் பதினைந்து வாரம் ஆயிற்று. வழியில் ஒரு தடவை மட்டும் ஒரு பெட்ரோல் நிலையத்தில் குழாய்க் கம்பத்தை உரசினார் வெர்னா. கெல் இறங்கித் தடவிப் பார்த்து, "தூணு, கம்பம், உனக்கு நின்னுக்கிட்டிருக்கறது எதுவும் ஆகாது," என்றாராம்.

செப்டம்பர் கடைசியில் திரும்பினார்கள். கேரவன் செம்மண் நிறமாகவே இருந்தது. வெர்னா அதைக் கழுவ விடவில்லை, ஒரு மாதம்.

கெல்லின் கண் அதற்குப் பிறகும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் மாற்றம் இல்லை. ஆனால் கராஜில் அடைந்து கிடப்பதில்லை. ஊரில் யாருடைய வண்டி முனகினாலும் அவரிடம் கொண்டுவருகிறார்கள். பானெட்டைத் திறந்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இன்னது என்று சொல்லிவிடுவார். என் காரின் வாட்டர் பம்ப்பை அவர்தான் கண்டுபிடித்தார். மெக்கானிக் நம்பவில்லை, கழற்றிய பிறகு நம்பினார்.

வெர்னா செய்ததுதான் ஊரையே பேசவைத்தது. அந்த வருஷம் அறுவடைக்கு லாரி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயிகள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். வெர்னா கனரக லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார். முதல் தடவை தேர்வில், நிற்க வேண்டிய கோட்டில் முழுதாக நிற்காமல் உருண்டுபோனதற்காகத் தோற்றார். கெல் ஒரு வாரம் சிரித்தார். இரண்டாம் தடவை வெர்னா ஜெயித்தார். தேர்வாளர், "பின்பக்கமா இவ்வளவு நேரா வர்ற ஆளை நான் பாத்ததில்ல," என்று சொன்னதை வெர்னா சொல்லவில்லை, கெல்தான் தெருவெல்லாம் சொன்னார்.

இப்போது வெர்னா பார்லி ஏற்றிப் போகிறார். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் காலை ஐந்தரைக்கு லாரி வாசலில் கிளம்பத் தயாராக நிற்கும். கெல் ஏணியைத் தடவி ஏறி இடப்பக்கம் உட்கார்வார். சில நாள் வீட்டிலேயே இருந்துகொண்டு சாப்பாட்டுப் பொட்டலம் மட்டும் கட்டிக் கொடுப்பார். தக்காளி சாண்ட்விச். கண் தெரியாததால் மிளகுத்தூள் எவ்வளவு விழுந்தது என்று தெரியாது.

"தும்மிக்கிட்டே ஓட்டறேன்," என்றார் வெர்னா போன வாரம். பொட்டலத்தை வாங்கி சீட்டில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஒரு முறை பார்த்து, லாரியை மெதுவாகப் பின்பக்கமாகத் தெருவுக்கு எடுத்தார்.